நாற்பத்தொரு குங்கும டப்பாக்கள்

ஜூன் 9

டாக்டர் ஜெசிந்தா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

பெயர் செண்பகவல்லி. வயது நாற்பத்திரண்டு. ஆதாரில் நாற்பத்தைந்து என்று இருக்கும். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கள் அப்பா செய்த கோளாறு. கோவில்பட்டியில் பதினான்கு வருடமாக செண்பகா பியூட்டி பார்லர் நடத்துகிறேன். இப்போது இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் காப்பி சிந்தின மாதிரி மங்கு. பார்லர்காரி முகத்திலேயே மங்கு என்று தெரிந்தால் எவள் வந்து என் நாற்காலியில் உட்காருவாள்? அதனால் காலை ஆறு மணிக்கே பவுண்டேஷன் பூசி மூடிவிட்டுத்தான் வாசல் தெளிக்கவே போவேன். என் முகத்தின் சொந்த நிறத்தைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் இதற்குள் மறந்திருப்பார்.

டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல கருப்பு. வாசலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. தன் முகத்தையே வெளுக்கத் தெரியாதவர் என் முகத்தை என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். (டாக்டர், இதை நீங்கள் படிப்பீர்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கிழிக்கலாம் என்றால் நோட்டின் பின்னால் உள்ள தாளும் சேர்ந்து வரும். மன்னிக்கவும்.)

ஒரு தாளைக் கொடுத்து என் விவரங்களை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்ததை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார்.

இருக்காதா பின்னே. எட்டாம் வகுப்பில் பரிசு வாங்கிய கையெழுத்து.

“முகத்துக்கு என்னல்லாம் போடுவீங்க?”

“ஒண்ணும் போடுறதில்ல டாக்டர். வெறும் தண்ணிதான்.”

மேஜை டிராயரைத் திறந்து மூன்று குங்கும டப்பாக்களை எடுத்து வெளியே வைத்தார். “ஊருக்குள்ள யாரோ இந்த மாதிரி டப்பாவுல வெளுக்கிற கிரீம் போட்டுக் குடுக்கிறாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதே” என்றேன்.

“சரி. தினமும் உங்க முகத்துல என்ன படுதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. ஒளிக்காம எழுதணும்.”

எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 10

முகத்துக்குப் போட்டது: தண்ணீர்.

ஜூன் 11

தண்ணீர். கொஞ்சம் எலுமிச்சம்பழம். சர்பத்துக்குப் பிழிந்த மூடி வீணாகப் போகிறதே என்று தேய்த்தேன். இதை முகக்கணக்கில் சேர்க்கக் கூடாது, சமையல் கணக்கு.

ஜூன் 12

தண்ணீர். உருளைக்கிழங்குச் சாறு. இதுவும் சமையல்.

ஜூன் 14

டாக்டர் எழுதித் தந்த சன்ஸ்கிரீன் வாங்கி வந்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, அவ்வளவையும் முகத்தில் பூச வேண்டுமாம். பூசினேன். பொரிகடலை மாவுக்குள் விழுந்து எழுந்த எலி மாதிரி ஒரு உருவம் கண்ணாடியில் நின்றது.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் குட்டியானை வண்டியில் வெங்காயம் ஏற்றித் தெருத் தெருவாக விற்பவர். மைக்கில் பேசிப் பேசி, வீட்டுக்குள் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“என்னட்டி, வெள்ளையடிச்சிருக்க? பொங்கலுக்கு இன்னும் ஆறேழு மாசம் கெடக்கே.”

“டாக்டர் சொன்னாக. மங்குக்கு வெயில்தான் மொத எதிரியாம்.”

“வெயில் என்னைய என்ன செஞ்சிருச்சு? இருவது வருசமா அதுலதான கெடக்கேன்.”

இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொன்னேன். நீட்டினார். வண்டி ஓட்டும்போது ஜன்னலில் வைக்கிற வலது கை அட்டக்கரி. உள்ளே இருக்கிற இடது கை கோதுமை. அண்ணன் தம்பி இரண்டு பேரிடம் ஆளுக்கொரு கை இரவல் வாங்கி வந்தவர் மாதிரி நின்றார். சாப்பிட்டுவிட்டு மறுபடி வண்டி எடுக்கும்போது வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜூன் 15

தண்ணீர். சன்ஸ்கிரீன். மாதம் இரண்டு தடவை பிளீச் போடுவதை எழுத விட்டுப்போச்சு. அது தொழில் சம்பந்தப்பட்டது.

ஜூன் 18

பருப்புக் கடை ராமையா மகள் சங்கரகோமதி வந்தாள். செப்டம்பர் ஆறாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மணப்பெண் அலங்காரம் என் பொறுப்பு. நாவல்பழ நிறம். தழும்பு இல்லை, பரு இல்லை, தொட்டால் வழுக்குகிற தோல். சித்திரையிலிருந்து ஏதோ ஒரு கிரீம் போடுகிறாளாம். எங்கே வாங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை.

“எக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. பரிசம் போட்ட அன்னைக்கு அவுகளும் என் நெறந்தான் இருந்தாக. இப்ப வீடியோ கால்ல பாத்தா வாரத்துக்கு வாரம் செவந்துட்டே போறாக.”

மாப்பிள்ளை கதிரேசனுக்குச் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை.

“அங்க ஏசி போட்டிருப்பாங்க” என்றேன்.

“இப்படியே போனா கல்யாண போட்டோவுல நான் அவுக நெழலு மாதிரி விழுந்திருவேன்க்கா. இன்னொரு டப்பா குடுங்க. பரிசத்தன்னைக்குக் கண்ணாடி அலமாரியில வச்சிருந்த ஒண்ணு வேற எங்கயோ காணாமப் போயிருச்சு.”

கொடுத்தேன். (டாக்டர், பவுடர் டப்பாவைத்தான் சொல்கிறாள்.)

ஜூலை 7

இன்று டாக்டரிடம் போனேன். நோட்டை வரி விடாமல் படித்தார். ‘தண்ணீர்’ என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘தண்ணீருக்கு மங்கு வராது’ என்று எழுதினார். ‘சமையல்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தன் நிறத்தைப் பற்றி நான் எழுதிய இடத்தில் ஒரு சின்ன சரி மட்டும் போட்டார்.

“எலுமிச்ச, பிளீச், தேய்க்கிறது எல்லாத்தையும் இன்னையோட விட்டிருங்க” என்றார். “வெள்ளத் தோல்ல எரிச்சல் வந்தா செவந்து காட்டிக் குடுத்திரும். நம்ம தோல்ல செவப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகலன்னு நாமளும் தேய்ச்சுக்கிட்டே இருப்போம். தோல் பயந்துபோய் உள்ளுக்குள்ள மை ஊத்த ஆரம்பிச்சிரும். ஒரு பரு வந்து போனாலே நமக்கு ஆறு மாசத்துக்குத் தடம் நிக்கும்ல? எவ்வளவு கருப்போ அவ்வளவு பக்குவமாத் தொடணும்.”

“அப்ப எப்பத்தான் வெளுக்கும் டாக்டர்?”

“வெளுக்கிறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. திட்டு கொறையும், உங்க நெறம் உங்களுக்குத் திரும்பி வரும். அதுக்கே மூணு நாலு மாசம் ஆகும்.”

அப்புறம் டிராயரைத் திறந்தார். டப்பா இப்போது ஏழு.

“இதுக்குள்ள இருக்கிறது அரிப்பு, படைக்கு நாலஞ்சு நாள் போடுற மருந்து. மூஞ்சிக்கு மாசக்கணக்காப் போட்டா மொதல்ல பளபளன்னுதான் இருக்கும். அப்புறம் தோல் வெத்தலையாட்டம் மெலிஞ்சிரும். தாடையில முடி முளைக்கும். விட்டா எரியும், பரு வரும், முன்னவிடக் கருக்கும். யாரு செய்றான்னு தெரிஞ்சா சொல்லுங்க.”

“கட்டாயம் சொல்லுதேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். தாடையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 7, மறுபடியும்

இந்தப் பக்கத்தை டாக்டர் படிக்க மாட்டார். எழுதி முடித்ததும் பழைய சோற்றைப் பிசைந்து அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிடுவேன்.

டப்பா நான்தான். மதுரையில் ஒரு நாள் பயிற்சி வகுப்பில் ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தது. மருந்துக்கடையில் மூன்று ட்யூப், கொஞ்சம் கற்றாழை, வாசனைக்கு ரோஸ் எசன்ஸ். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் அடித்துக் குங்கும டப்பாவில் அடைப்பேன். ‘இரவு மட்டும்’ என்று என் கையாலேயே எழுதி மூடியில் ஒட்டுவேன். இதுவரை நாற்பத்தொரு டப்பா வெளியே போயிருக்கிறது.

நான் கெட்டவள் இல்லை. மற்றவர்களுக்குக் கொடுக்குமுன் எனக்குப் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். இரண்டு வருடமாகப் போடுகிறேன். எனக்கு மங்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த இரண்டையும் நான் இதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

கோமதி முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் குறை இருக்கிற மாதிரி தலையை ஆட்டி டப்பாவைக் கையில் கொடுத்தேன்.

ஜூலை 9

இனி டப்பா பேச்சு வருகிற பக்கத்தையும் ஒட்டிவிடுவேன். கோமதி டப்பா கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றேன். யார் கேட்டாலும் இனிமேல் அதே பதில்தான். இதோடு தொல்லை விட்டது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பார்லர் பெயரும் பிழைத்தது.

ஜூலை 15

தண்ணீர். சன்ஸ்கிரீன். முகம் காந்துகிறது, மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி. நானும் டப்பாவை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 21

காலையில் கோமதி கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவிழ்த்தாள். கன்னம் முழுக்கப் பரு, நடுவில் கருந்திட்டு, தோல் உரிந்துபோய்.

“நீங்க டப்பாவ நிப்பாட்டுனதுலதான்க்கா இப்படி ஆயிருச்சு. ஒரே ஒரு டப்பா குடுங்கக்கா. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் இருக்கு. மாப்பிள்ள வீட்டு அத்தையம்மா வேற அடுத்த வாரம் சேல எடுக்க வாறாக. இந்த மூஞ்சியப் பாத்தா கல்யாணத்த நிப்பாட்டிருவாகக்கா.”

நேரே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அங்கே காத்திருக்கிற ஹாலில் ஆறு பெண்கள். ஆறு பேரும் முகத்தைச் சுற்றி மூடியிருந்தார்கள். வங்கிக் கொள்ளைக்குப் புறப்பட்ட மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு வருடமாக நான் புருவம் எடுக்கிற கண்கள் எனக்குத் தெரியாதா? முதல் கண் டீச்சரம்மா. இரண்டாவது கண் தபாலாபீஸ் மதினி. மூன்றாவது, என் நாத்தனார்.

“செம்பகம், புது டப்பா எப்ப வரும்?” என்று துப்பட்டாவுக்குள்ளிருந்து மதினி கேட்டாள். “அது இல்லாமத்தான் இந்தக் கறுத்த டாக்டரம்மாகிட்டயெல்லாம் வந்து உக்காந்திருக்கோம்.”

“மெதுவாப் பேசுங்க மதினி.”

“கையில என்ன நோட்டு?” என்றது டீச்சரம்மாவின் கண்.

“முகத்துல என்ன போடுறோம்னு டாக்டர் தெனமும் எழுதச் சொல்லுவாங்கல்ல, அது.”

“எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலியே.”

“எனக்கும் சொல்லல” என்றாள் மதினி. மற்ற நான்கு தலைகளும் இல்லையென்று ஆடின. ஊரில் அத்தனை பேரையும் விட்டுவிட்டு எனக்கு மட்டும் எதற்கு நோட்டு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் கோமதி சத்தம் இல்லாமல் அழுதாள். துப்பட்டா நனைந்து கன்னத்தில் ஒட்டியது. எரிந்திருக்கும், விரலால் தூக்கித் தூக்கி விட்டாள்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. டப்பா நின்னதால வந்த வென இல்ல இது. டப்பாவால வந்த வென. எனக்குத் தெரிஞ்சு பதினாலு நாளாச்சு. பேரு கெட்டுப்போகுமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். என்னையத் திட்டுங்க, ஆனா இனிமே அதத் தொடாதீங்க. கோமதி, ஒன் மூஞ்சிய நாந்தான் கெடுத்தேன்.”

நாத்தனார் துப்பட்டாவை இறக்கி, “எங்கண்ணன் ஒன்னையக் கட்டுன அன்னைக்கே நான் சொன்னேன்” என்றாள். என்ன சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை.

உள்ளே போய் டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். “ரெண்டு மூணு பக்கம் ஒட்டியிருக்கும். தண்ணி தொட்டுப் பிரிங்க” என்றேன். பஞ்சில் தண்ணீர் தொட்டுப் பிரித்துப் படித்தார். பிறகு டிராயரிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்து, முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ‘இரவு மட்டும்’. பரிசு வாங்கிய அதே கையெழுத்து.

“மொத நாளே தெரியுமா டாக்டர்?”

“தெரியும். நான் சொன்னா நீங்க இல்லன்னு சாதிப்பீங்க, வேற கையெழுத்துல டப்பா வரும். அதான் எழுதச் சொன்னேன். இப்ப நாப்பத்தொண்ணும் திரும்ப என்கிட்ட வரணும். போட்டுக்கிட்டு இருக்கிறவங்க அவங்களா நிறுத்தக் கூடாது, இங்க வரச் சொல்லுங்க. நான் பாத்து நிறுத்துறேன்.”

“கோமதிக்குச் சரியாகுமா?”

“எரிச்சல் ஒரு மாசத்துல அடங்கும். தடம் போக நாளாகும். கல்யாணத்தன்னைக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.”

ஜூலை 24

டப்பா போன வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்க எனக்கு மூஞ்சி இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “நீ ஏன் போகணும்? வண்டி இருக்கு, மைக் இருக்கு” என்றார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் குட்டியானை கிளம்பிவிட்டது. மூன்று தெரு தள்ளி எனக்கே கேட்டது.

“பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், நாட்டு வெங்காயம். செண்பகா பார்லர்ல குங்கும டப்பா வாங்குன அம்மாமாரு டப்பாவத் திருப்பிக் குடுத்துட்டுத் தோல் டாக்டரப் போயிப் பாக்கவும். பல்லாரி வெங்காயம் பாத்து வாங்கவும்.”

ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. தலையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். அவர் மட்டும் பதினெட்டு டப்பாவோடு வந்தார். வெங்காயமும் நல்ல விற்பனையாம்.

ஆகஸ்ட் 2

டப்பா முப்பத்திரண்டு. ஒருத்தி அதைப் பித்தவெடிப்புக்குப் போட்டிருக்கிறாள், நன்றாகக் கேட்டதாம். இன்னொருத்தி எருமை மடியில் தடவியிருக்கிறாள். டீச்சரம்மா என் வாசலில் நின்று கால் மணி நேரம் திட்டினார். எல்லாம் நியாயமான திட்டு. நின்று கேட்டுக்கொண்டேன்.

பார்லருக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. நாற்காலியில் நானே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18

டாக்டரிடம் டப்பாக்களைக் கொடுத்தேன். அவர் டிராயரில் இருக்கிற ஏழோடு சேர்த்து நாற்பது. என் கன்னத்தில் திட்டின் ஓரம் மங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். மண் நிறத்தில் வேறு சன்ஸ்கிரீன் எழுதித் தந்திருக்கிறார், இதில் எலி மாதிரி தெரியவில்லை. கோமதிக்கு எரிச்சல் அடங்கிவிட்டது, தடம் நிற்கிறது. சேலை எடுக்க அவள் அத்தை வந்த அன்று, டாக்டர் வெயிலில் வரக் கூடாது என்று சொன்னதாகச் சொல்லித் தப்பித்தாள்.

“நாப்பத்தொண்ணாவது எங்க?” என்றார் டாக்டர்.

“கோமதி வீட்டுல பரிசத்தன்னைக்குக் காணாமப் போனது டாக்டர்.”

“கண்டுபிடிங்க. யாரு மூஞ்சியிலயோ அது இருக்கு.”

ஆகஸ்ட் 29

மதுரைக்குப் போய் பவுண்டேஷன் வாங்கினேன். இத்தனை வருடமாக என்னிடம் இருந்தது ஒரே நிறம், சந்தனக் கட்டை நிறம். ஊரில் எல்லா மணப்பெண்ணுக்கும் அதுதான். முகம் ஒரு வீட்டுப் பிள்ளையாகவும் கழுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையாகவும் மேடையில் நிற்கும். கழுத்தை நகையால் மூடிவிடுவேன். இந்தத் தடவை கோமதியைக் கூடவே கூட்டிப் போய் அவள் தாடை ஓரத்தில் தொட்டுத் தொட்டு, பூசினதே தெரியாத நிறம் எதுவென்று பார்த்து எடுத்தேன். கடைக்காரர் அந்தப் பாட்டிலைத் தேட ஏணி போட்டு ஏறினார்.

“இதப் போட்டா நான் செவப்பாத் தெரிய மாட்டேனேக்கா” என்றாள்.

“தெரிய மாட்ட. கோமதியாத் தெரிவ.”

அவள் சிரிக்கவில்லை. “அவுக செவப்பா வந்து நிப்பாகளே” என்றாள்.

செப்டம்பர் 6

காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் கோமதிக்கு அலங்காரம் முடித்தேன். தடத்தை அடக்கி, அவள் நிறத்திலேயே பூசி, கண்ணுக்கு மை. முகமும் கழுத்தும் கையும் ஒரே பிள்ளைக்குச் சொந்தமாக இருந்தன. பதினான்கு வருடத்தில் நான் செய்த நல்ல அலங்காரம் அதுதான். ஆனால் அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமான் பெட்டியை மூடும்போது கதவு தட்டினார்கள். திறந்தால் மாப்பிள்ளை. தலையிலிருந்து கழுத்து வரை துண்டு, கண் மட்டும் வெளியே. அந்த மாதிரிக் கண் எனக்குப் பழகிப்போன கண்.

கோமதி ஜன்னல் பக்கம் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. “எக்கா, பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்” என்று கும்பிட்டார். “பரிசத்தன்னைக்குக் கை கழுவப் போனேன். கண்ணாடி அலமாரியில இது இருந்துச்சு. பொண்ணு போடுற கிரீம்னு தெறந்ததும் தெரிஞ்சிருச்சு. பொண்ணு தளதளன்னு இருக்கே, பக்கத்துல நாம கரிக்கட்டை மாதிரி நிக்கப் போறோமேன்னு எடுத்துட்டுப் போயிட்டேன். தொட்டுத் தொட்டுப் போட்டு நல்லாத்தான் இருந்துச்சு. போன மாசக் கடைசியில தீந்துருச்சு. இப்பப் பாருங்க.”

துண்டை அவிழ்த்தார். கன்னம் முழுக்கப் பரு, நடுவில் கருந்திட்டு. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு குங்கும டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். இரவு மட்டும்.

பின்னால் ஒரு சத்தம். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

“அழுதா மை கலையும்ட்டி” என்றேன்.

“களவாணி” என்றாள் அவள் மாப்பிள்ளையைப் பார்த்து. அவர் துண்டை மறுபடி போர்த்தப் பார்த்தார். அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளையை நாற்காலியில் தள்ளி, மதுரைப் பாட்டிலைத் திறந்து தாடை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். அப்படியே மறைந்தது. இரண்டு பேருக்கும் அந்த ஒரே பாட்டில் போதுமாக இருந்தது. நாளை மறுநாள் இரண்டு பேரும் டாக்டரிடம் வருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மேடைக்கு விட்டேன்.

தாலி கட்டினதும் மேடைக்குக் கூப்பிட்டு என்னையும் போட்டோவில் நிறுத்தினார்கள். கீழே இறங்கும்போது டீச்சரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“என்ன செம்பகம், ஒனக்கு இவ்வளவு மங்கா?”

அப்போதுதான் உறைத்தது. மண்டபத்திலேயே பூசிக்கொள்ளலாம் என்று வீட்டிலிருந்து வெறும் முகத்தோடு வந்தவள், மாப்பிள்ளைக்குப் பூசிய அவசரத்தில் எனக்குப் பூச மறந்துபோனேன். அந்த முகத்தோடுதான் முந்நூறு பேருக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன். ஓடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஓடவில்லை.

“ஆமா டீச்சர். முன்னயும் இருந்துச்சு, மூடி வச்சிருந்தேன். இப்பக் கொறஞ்சிருக்கு.”

டீச்சரம்மா என் கன்னத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தார். “புதன்கிழம புருவம் எடுக்க வாறேன்” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

டாக்டர், டப்பா நாற்பத்தொன்று. கணக்குச் சரி.

முகத்துக்குப் போட்டது: தண்ணீர். இந்தத் தடவை நிஜமாகவே தண்ணீர்தான். சன்ஸ்கிரீன் போட மறந்ததற்குச் சிவப்பு மையில் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள்.